மாமாவுக்கு ஒரு ரிவால்வர்

ஹூஸ்டனில் இருக்கும் மாமாவிடமிருந்து ஒரு ராத்திரி வாட்ஸப்பில் செய்தி வந்தது. "டேய், ஆபீஸ்ல பன்னி வேட்டைக்குக் கூப்பிடறாங்க. எல்லாரும் ரைஃபிள் வெச்சிருக்காங்க. நான் ரிவால்வர் வாங்கலாம்னு இருக்கேன். நல்லா பெருசா, பவர்ஃபுல்லா. நீதான் எப்பப் பார்த்தாலும் நெட்ல இருக்கியே, பார்த்துச் சொல்லு."

மருமகன் தி.நகர்வாசி. பி.காம் மூன்றாம் வருடம். என்.சி.சி.யில் இரண்டு தடவை .22 ரைஃபிள் சுட்டதைத் தவிர துப்பாக்கியோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் மாமா கேட்ட கேள்வியில் பையன் குஷியாகிவிட்டான். பாண்டி பஜாரில் ஒரு சட்டை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவன், துப்பாக்கி என்றால் சும்மா இருப்பானா?

டெக்சாஸ் பன்றியைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட வேண்டும். அது வீட்டுப் பன்றி தப்பிப்போய், ஐரோப்பியக் காட்டுப் பன்றியோடு கலந்து பெருகியது. வயலை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போய்விடும். அதனால் அங்கே அதைச் சுட சீசன் கிடையாது. நிலத்துக்காரர் சம்மதித்தால் 2019-லிருந்து வேட்டை லைசென்சும் வேண்டாம். ரைஃபிளே போதும். ஆனால் கிட்டே போய்க் கைத்துப்பாக்கியால் சுடுவதுதான் வீரம் என்று அங்கே ஒரு கூட்டம் உண்டு. மாமா அந்தக் கூட்டத்தில் சேர ஆசைப்பட்டார்.

பையன் எக்செல் திறந்தான். காமர்ஸ் புத்தி வேறென்ன செய்யும்? காலிபர், குழல் நீளம், எடை, எத்தனை தோட்டா, துப்பாக்கி விலை, தோட்டா விலை என்று ஆறு காலம். முதல் ஷீட்டுக்கு 'இந்தியா' என்று பேர் வைத்து, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தான். அது கிட்டத்தட்ட காலியாகவே நின்றுவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991 திருத்தம், அத்தோடு நம் ஊரில் பொழுதுபோக்கு வேட்டை முடிந்த கதை. லைசென்ஸ் கிடைத்தவர்கள் வாங்கும் புது ரிவால்வர் என்றால் பெரும்பாலும் கான்பூரில் செய்யும் .32 தான். வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியாள் இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுபோனதால், அதற்கு முன் வந்த பழைய சரக்கு கைமாறும்போது பல லட்சம். சப்ளை உறைந்துபோனால் விலை என்னவாகும் என்று எகனாமிக்ஸ் வாத்தியார் இதை உதாரணம் காட்டியிருக்கலாம், வெங்காயத்தையே பிடித்துக்கொண்டிருக்காமல்.

இன்னொரு வேடிக்கை. நம் ஆயுத விதிகளில் .455, .380, .45, 9 எம்.எம். எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். காரணம் சக்தி இல்லை. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா அதில் போகும் என்பதுதான். அவற்றைவிடப் பல மடங்கு உதைக்கும் மேக்னம் ரகங்கள் அந்தப் பட்டியலில் பேரோடு இல்லை. சட்டம் எழுதியவருடைய கவலை புலி, பன்றி இல்லை என்று தெரிகிறது.

இரண்டாவது ஷீட்டில்தான் விருந்து. அதில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

முதலாவது .44 மேக்னம். 1955-ல் வந்தது. 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் பார்த்த பிறகு உலகமே அதைக் கேட்க ஆரம்பித்தது. இரண்டாவது .454 கசூல். மூன்றாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003-ல் இறக்கிய மாடல் 500. தோட்டா அரை அங்குலம் குண்டு. சிலிண்டரில் ஆறு அறைக்கு இடமில்லாமல் ஐந்துதான். கான்பூர் .32-ஐ ஒரு பங்கு என்று வைத்தால் .44 மேக்னம் சுமார் எட்டு பங்கு. .500 அந்த .44-ஐயும் இரண்டு மடங்குக்கு மேல் தாண்டும். கென்னத் ஆண்டர்சன் நம் சேலம், தர்மபுரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தபோது தோளில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைஃபிள். கனமான குண்டு போட்டால் .500 ரிவால்வர் அந்த ரைஃபிளையே எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது!

பையன் முடிவு கட்டிவிட்டான். மாடல் 500, எட்டே கால் அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதலான குழல், முனையில் உதையைக் குறைக்கும் துளைகள். சிவப்பு வண்ணம் அடித்து, தாளில் பிரின்ட் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூருக்குப் போனான்.

ஏன் மயிலாப்பூர் என்றால், அங்கே சித்திரகுளம் பக்கத்தில்தான் தாத்தா இருக்கிறார். மாமாவின் அப்பா. வால்பாறை டீ எஸ்டேட்டில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. எஸ்டேட் காலத்தில் துப்பாக்கி பிடித்திருக்கிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார். "ஹௌடா பிஸ்டல்னு கேள்விப்பட்டிருக்கியா?" என்றார். பையன் முழித்தான். வெள்ளைக்காரர்களும் ராஜாக்களும் யானைமேல் அம்பாரியில் உட்கார்ந்து புலி வேட்டைக்குப் போன காலத்தில், அடிபட்ட புலி யானைமேலேயே பாய்ந்து ஏறும். அந்த நெருக்கத்தில் நீளத் துப்பாக்கியைத் திருப்ப முடியாது. அதற்காக இரட்டைக்குழல் வைத்த குட்டையான பிஸ்டல் செய்தார்கள். அதுதான் இந்தக் குடும்பத்துக்கே பாட்டன். மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு இருந்த பி.ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை தெரியுமில்லையா, அந்தக் காலத்தில் அவர்கள் பேர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள்கூட உண்டு.

"கடைசி ஒரு செகண்டுக்காகச் செஞ்ச சாமான் அது. நீங்க என்னடான்னா அதையே முதல் துப்பாக்கியா எடுத்துட்டுப் போறீங்க," என்றார் தாத்தா. அப்புறம் தாளைத் திருப்பிக் காட்டி, "இது எத்தனை கிலோ?"

"ரெண்டு கிலோ, கொஞ்சம் கூட இருக்கும்."

தாத்தா பாட்டியைக் கூப்பிட்டு இரண்டு உப்பு பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். பையன் அதைக் கையில் பிடித்து, முழங்கை மடக்காமல் நேரே நீட்டி நிற்க வேண்டும். முதல் பத்து செகண்ட் சிரிப்பு. இருபதில் தோள் எரிந்தது. முப்பதில் பை ஊஞ்சலாடியது. இரண்டு கையால் பிடி என்றார், கொஞ்சம் பரவாயில்லை. அப்போதும் எதிர்ச்சுவரில் காலண்டரைக் குறிபார்க்கச் சொன்னால் பை முருகனுக்கும் மயிலுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எடை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. கனமான துப்பாக்கிதான் உதையை வாங்கிக்கொள்ளும். அதே தோட்டாவை லேசான துப்பாக்கியில் போட்டால் மணிக்கட்டு பதில் சொல்ல வேண்டும். குழல் நீண்டால் தோட்டாவுக்கு வேகம் கூடும், முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடுவதால் குறியும் நன்றாக விழும். ஆனால் முனை பாரமாகி, கை சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆக ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். எக்செல்லில் எல்லாக் காலத்திலும் பெரிய எண்ணுக்கே மார்க் போட்டிருந்தான் பையன்.

"சரி, டிரிக்கர் எவ்ளோ வெயிட்னு எங்கடா போட்டிருக்க?"

அப்படி ஒரு காலமே இல்லை.

இங்கேதான் தாத்தா அந்தக் கதையைச் சொன்னார். 1961. அவருக்கு இருபத்திரண்டு வயது, எஸ்டேட்டில் சேர்ந்து ஒரு வருடம். காட்டுப் பன்றி ஒன்றை முந்தின நாள் சாயங்காலம் துரை சுட்டிருந்தார். சாகவில்லை, ரத்தத்தடம் உண்ணிப்புதருக்குள் போயிருந்தது. அடிபட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். காலையில் தேடப் போனார்கள். முன்னால் தடம் பார்க்கும் காடர் ஒருவர், பின்னால் ரைஃபிளோடு துரை, பக்கத்தில் தாத்தா. புதருக்குள் ரைஃபிள் சிக்கும் என்று துரை தன் இடுப்பிலிருந்த வெப்லி ரிவால்வரைக் கழற்றித் தாத்தா கையில் கொடுத்திருந்தார். .455. பார்க்கவே பயமாக இருக்கும், வாய் அவ்வளவு பெரிது. (பையன் பிற்பாடு கணக்குப் பார்த்தான். குண்டின் விட்டம் .44 மேக்னத்தைவிடக் கொஞ்சம் அதிகம். சக்தியோ மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. காலிபர் என்பது அகலம்தான், சக்தி இல்லை.)

பன்றி பக்கவாட்டிலிருந்து வந்தது. தாத்தா சுத்தியலைப் பின்னால் இழுத்து வைக்க நேரமில்லை. அப்படியே விசையை அழுத்தினார். சுத்தியலை முதலில் இழுத்துவைத்துச் சுட்டால் விசை லேசாக, ஒன்றரை இரண்டு கிலோ அழுத்தத்தில் விழும். இழுக்காமல் அழுத்தினால் விரலே சுத்தியலையும் தூக்கி, சிலிண்டரையும் சுழற்ற வேண்டும். பழைய வெப்லியில் அது ஆறு ஏழு கிலோ. விரல் இழுக்கிற இழுப்பில் குழலின் முனை கீழே இறங்கிவிடும். தோட்டா கிடைப்பது அரிது என்பதால் அவர் அந்த ரிவால்வரில் அதுவரை மொத்தமே ஆறு தடவை சுட்டிருந்தார், அதுவும் நிதானமாக, சுத்தியலை இழுத்து வைத்து.

மூன்று குண்டு. முதல் குண்டு மண்ணில். இரண்டாவது எங்கே போனது என்று தெரியாது. மூன்றாவது முன்னால் நின்றவரின் முழங்காலுக்குக் கீழே.

பன்றியைத் துரை ரைஃபிளால் முடித்தார். காடரை எஸ்டேட் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப்போய்க் கட்டுப்போட்டு, லாரியில் படுக்கவைத்து, நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பொள்ளாச்சி போனார்கள். உயிர் பிழைத்தார். கால் நேராகவில்லை. தடம் பார்க்கும் வேலைக்கு அதற்கப்புறம் அவர் போகவில்லை, போக முடியவில்லை. விசாரணையில் கை தவறி வெடித்தது என்று எழுதப்பட்டது. அதை அவரே சொன்னாராம். தாத்தாவைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, துரைக்குப் பயந்து சொன்னாரா என்று தாத்தாவுக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை என்றார்.

"மாசாமாசம் மணியார்டர் போச்சே, அது யாருக்குன்னு உங்கம்மாவுக்கே தெரியாது," என்று பாட்டி சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார். 1994-ல் ஒரு மணியார்டர் திரும்பி வந்தது. அத்தோடு நின்றது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. குளக்கரையில் காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனார். பிறகு தாத்தா தாளை எடுத்து, பேனாவைக் கேட்டார்.

அன்று சாயங்காலம் மாமாவுக்குப் போன மெயிலில் மாடல் 500 இல்லை. ரூகர் சூப்பர் ரெட்ஹாக், .44 மேக்னம், ஏழரை அங்குலக் குழல், ஆறு தோட்டா. எடை சுமார் ஒன்றரை கிலோ. சுத்தியலை இழுத்தும் சுடலாம், இழுக்காமலும் சுடலாம்; தொலைநோக்கிக் குறி மாட்டுவதற்கு ஃப்ரேமிலேயே இடம் வெட்டியிருக்கிறார்கள். டெக்சாஸ் பன்றிக்கு இது தாராளம். முக்கியமான காரணம் இன்னொன்று. இதில் .44 ஸ்பெஷல் என்ற மெதுவான தோட்டாவும் போகும். அதை வைத்துப் பழகினால் கை கூசாது, காது கிழியாது. .500 தோட்டா ஒன்று இரண்டு மூன்று டாலர் ஆகும். அந்த விலையில் யாரும் பழகப்போவதில்லை. ஐந்து குண்டு சுட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு, பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். அடுத்த தடவை விசையை அழுத்தும் முன்பே கண் மூடிக்கொள்ளும்.

துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சமாகும் தொகையை அப்படியே தோட்டாவுக்கு மாற்றி, ஐந்நூறு ரவுண்டு பழகிய பிறகுதான் வேட்டை என்று பையன் பட்ஜெட் போட்டிருந்தான். காதுமூடிக்குத் தனி வரி. ஐம்பது கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் ஆறும் விழாவிட்டால் ரைஃபிளையே எடுத்துப்போவது என்று ஒரு நிபந்தனை. கடைசி வரி மட்டும் தாத்தா சொல்லச் சொல்ல அடித்தது: "உனக்கு முன்னால் ஒரு ஆள்கூட நடக்கக் கூடாது. நடந்தால் உறையிலிருந்து எடுக்காதே."

மாமா மெயிலுக்குப் பதில் போடவில்லை. அடுத்த ஞாயிறு நேராகத் தாத்தாவுக்கே போன் செய்தார். "என்னப்பா, யாரோ முன்னால நடந்தாங்கன்னா என்ன அர்த்தம்?" என்று ஆரம்பித்தார். பாட்டி டி.வி. சத்தத்தைக் குறைத்தார். பேச்சு முக்கால் மணி நேரம் போனது. பையன் வாசலில் உட்கார்ந்திருந்தான். தாத்தா பேசியது கொஞ்சம்தான் கேட்டது. அந்தக் காடரின் பேரை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ரிவால்வர் இன்னும் வாங்கவில்லை. மாமா இப்போதைக்கு ஒரு ரேஞ்சில் வாடகைக்கு .44 எடுத்துச் சனிக்கிழமைகளில் சுட்டுக்கொண்டிருக்கிறார். போன வாரம் அனுப்பிய அட்டையில் ஆறில் நாலு தட்டுக்குள் இருந்தது.