தெரு பைக்கை டிராக் ஸ்ட்ரிப்புக்கு எடுத்துட்டுப் போனேன்

1/
விருத்தாசலத்துல எலும்பு டாக்டரா இருக்கேன். தினமும் டூட்டிக்கு ஓட்டிட்டுப் போற 200 சிசி அப்பாச்சியைப் போன மாசம் குட்டி யானையில ஏத்தி, இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் கொண்டு போய், வாழ்க்கையில முதல்முறையா டிராக் ரேஸ் ஓட்டினேன். "45 வயசுல இது எதுக்கு டாக்டர்?"னு கேட்டவங்களுக்காக இந்தத் தொடர் பதிவு.

2/
காரணம் ஒரு தம்பி. வயசு 20. நம்ம ஊர் பீங்கான் பட்டறையில ஃபியூஸ் கேரியர் செய்யுற வேலை. ராத்திரி நண்பனோட ரோட்டுல போட்டி போட்டப்ப மாடு குறுக்கே வந்துருச்சு. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைஞ்சு, உள்ளே ராடு வெச்சோம். அவர் சம்மதத்தோடதான் எழுதுறேன்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு வழக்கமான அட்வைஸை ஆரம்பிச்சேன். "சார், நீங்க ஒரு தடவையாவது ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கியிருக்கீங்களா? அது எப்படி இருக்கும்னே தெரியாம வேணாம்னு சொல்றீங்களே"ன்னார். அவங்க அம்மா அதட்டினாங்க. எனக்கு அது நியாயமான கேள்வியாத்தான் பட்டது.

3/
டிராக் ரேஸ்னா என்ன? நேரான பாதை. ரெண்டு வண்டி. வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர்.

இது பிறந்த கதை முக்கியம். அமெரிக்காவில் இளைஞர்கள் ரோட்டுல போட்டி போட்டுச் செத்துக்கிட்டு இருந்த காலம். அவங்களை ரோட்டிலிருந்து வெளியே கொண்டு வரத்தான் 1951-இல் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பைத் தொடங்கினார். 1953-இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் முதல் அதிகாரபூர்வப் பந்தயம். அந்த ஊர் போலீஸ்காரர் பட் கூன்ஸ்தான், 1954-இல் ஊர் ஊராகப் போய் பாதுகாப்பாகப் பந்தயம் நடத்தக் கற்றுக்கொடுத்த குழுவின் தலைவர்.

நம்ம மாநிலத்துல இரண்டாம் உலகப் போர்க் கால சோழவரம் ஓடுதளத்துல பல வருஷம் ரேஸ் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை வந்தது.

4/
ஓட்டுறதுக்கு முன்னாடி சோதனை. செயின் தொய்வு, டயர், பிரேக், ஆக்சிலேட்டரை விட்டா தானா திரும்புதா, எல்லாம் பார்த்தாங்க. கண்ணாடிகளைக் கழட்டி, ஹெட்லைட்டுக்கு டேப் ஒட்டினோம். முழு ஹெல்மெட், லெதர் சூட், கிளவுஸ், பூட்ஸ். ஃபார்ம்ல ரத்த வகை.

ஆம்புலன்ஸ் எனக்கு முன்னாடியே வந்து நின்னுது. ரோட்டுல விழுந்தவருக்கு யாராவது பார்த்து 108-ஐக் கூப்பிட்ட பிறகுதான் அது கிளம்பும்.

5/
கோட்டுல நின்னதும் நாக்கு வறண்டு போச்சு. மஞ்சள் விளக்குகள் ஒவ்வொண்ணா இறங்கி வந்து பச்சை விழும். கிளட்ச்சைப் படக்குன்னு விட்டா முன்சக்கரம் எழும்பும். பயந்து மெதுவா விட்டா வண்டி தூங்கும். நான் ரெண்டாவது ரகம்.

அப்புறம் முழு ஆக்சிலேட்டர். தம்பிக்கு உண்மையைச் சொல்லணும்: செம்மையா இருந்தது. இறங்கினதும் கை நடுங்குது, வாய் சிரிக்குது. இந்த ஆசையைக் கிண்டல் பண்ண இனி எனக்கு வாய் வராது.

6/
கையில சீட்டு தந்தாங்க. 402 மீட்டர், 18.6 நொடி. அதுக்கு மேலே தனியா ஒரு எண்: பச்சை விழுந்து நான் நகர எடுத்த நேரம் 0.71 நொடி.

இதை யோசிங்க. விளக்கு வரப்போகுதுன்னு தெரியும். கண் அது மேலேயே இருக்கு. விரல் கிளட்ச்ல இருக்கு. அப்பவே முக்கால் நொடி! ராத்திரி ரோட்டுல எதிர்பாராத மாட்டைக் கண்டு பிரேக் பிடிக்க ஒன்றரை நொடி சாதாரணமா ஆகும். 80 கி.மீ. வேகத்துல அந்த நேரத்துக்குள்ள வண்டி 33 மீட்டர் போயிருக்கும். பிரேக் அதுக்கப்புறம்தான் ஆரம்பம்.

7/
ரிவ்யூவுக்கு வந்தப்ப தம்பிகிட்ட சீட்டைக் காட்டினேன். "18.6-ஆ? நான் இதைவிட வேகம் சார்"னார். "எத்தனை நொடி?"ன்னு கேட்டேன். பதில் இல்லை. ரோட்டுல யாரு அளந்தா?

அவர் தொழிலை வெச்சே ஒரு கணக்கு சொன்னேன். 60 கி.மீ. வேகத்துல சுவர்ல மோதுறது, 14 மீட்டர் உயரத்துலேர்ந்து தரையில விழுறதுக்குச் சமம். 100-ன்னா 39 மீட்டர். "பீங்கானை அவ்ளோ உயரத்துலேர்ந்து போட்டா என்ன ஆகும்?" எலும்பிலுள்ள தாதுவும் ஒரு வகை செராமிக்தான். ஸ்ட்ரிப்பில் விழுந்தாலும் அடி படும். ஆனா அங்கே மாடு, லாரி, சென்டர் மீடியன் இல்லை. உடம்பு சறுக்கிச் சறுக்கி வேகம் குறைய இடம் இருக்கு. திடீர்னு நிக்கிறதுதான் எலும்பை உடைக்குது.

கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துட்டு, "லைசென்ஸ் எப்படி சார் வாங்குறது?"ன்னார். அம்மா என்னைத்தான் முறைச்சாங்க. "முதல்ல எலும்பு கூடட்டும். எக்ஸ்ரே பார்த்துட்டுப் பேசலாம்"னு சொல்லியிருக்கேன்.

8/
ஆசை உள்ள தம்பி, தங்கைகளுக்கு:

பொது ரோட்டுல ரேஸ் விட்டா மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189. முதல் தடவை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும்.

ரேஸுக்கு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதி உள்ள நிகழ்ச்சிக்கு மட்டும் போங்க. உங்க தெரு பைக்கே போதும். ஹெல்மெட், கிளவுஸ், பூட்ஸுக்கு முதல்ல செலவு பண்ணுங்க; சைலன்சர் அப்புறம்.

9/
பெற்றோர்களே, பையன் ராத்திரி பைக் எடுத்துட்டு எங்க போறான்னு தெரியலைன்னா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு ரேஸ் நாளுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேலரியில உட்கார்ந்து ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. வீட்டுக்குத் திரும்புற வழியில அவனே பேச ஆரம்பிப்பான்.