வாசல் மாறிய வழக்கு

எங்கள் மாதாந்தக் கூட்டத்துக்கு வரும் அம்மா ஒருவர் எப்போதும் ஒரு பொலித்தீன் பையை மடியில் வைத்திருப்பார். காணாமற்போன மகனைத் தேடி அவர் எழுதிய மனுக்களின் பிரதிகள் அதற்குள் இருக்கும். போன முறை எல்லோரும் எழும்பிய பிறகு என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, ஒரு கோட்டில ஏலாது எண்டு சொன்னால் வேற நாட்டுக் கோட்டில போய்க் கேக்கேலுமோ?" என்றார்.

நான் படித்தது சமூகவியல், சட்டம் அல்ல. ஆனாலும் அவரை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த கொரியப் பெண்களின் கதையைச் சொன்னேன்.

இரண்டாம் உலகப் போரின்போது யப்பானிய இராணுவம் கொரியா முதலிய நாடுகளின் பெண்களைக் கொண்டுபோய்ப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தது. 'ஆறுதல் பெண்கள்' என்று பெயரும் வைத்தார்கள். யாருக்கு ஆறுதலோ! உயிரோடு திரும்பியவர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வாய் திறக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம். அது எங்களுக்குத் தெரியாத பயமா? 1991 ஆகஸ்டில் கிம் ஹாக்-சுன் என்பவர் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். அந்த டிசம்பரிலேயே அவரும் வேறு சிலரும் டோக்கியோவில் யப்பான் அரசுக்கெதிராக நட்டஈட்டு வழக்கு வைத்தனர். 1997இல் அவர் காலமானார். 2004இல் யப்பானின் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. 2000ஆம் ஆண்டில் வேறு சில பெண்கள் வாஷிங்டனில் தொடுத்த வழக்கும் நிற்கவில்லை.

பின்னர் இன்னும் சிலர் சொந்த நாட்டிலேயே, சியோலில், கேட்டார்கள். பிரதிவாதியோ வெளிநாட்டு அரசு. ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று சொல்லி யப்பான் அழைப்பாணையையே ஏற்கவில்லை. நீதிமன்றம் பகிரங்க அறிவித்தல் கொடுத்துவிட்டு விசாரணையைத் தொடர்ந்தது. மனித குலத்துக்கெதிரான குற்றத்துக்கு அந்த விலக்குரிமை பொருந்தாது என்று 2021 ஜனவரி 8ஆம் திகதி தீர்ப்பளித்தது. 12 பேருக்கும் தலா 10 கோடி வொன். மூன்று மாதத்தில் அதே நீதிமன்றத்தின் வேறு நீதிபதிகள் இதேபோன்ற இன்னொரு வழக்கைத் தள்ளினார்கள். மேன்முறையீட்டில் 2023 நவம்பரில் அதுவும் வென்றது.

"காசு குடுத்தவங்களோ?"

"இல்லை அம்மா. யப்பான் அந்தத் தீர்ப்புகளை ஏற்கவில்லை. தீர்ப்பு வருமுன்னமே பல பேர் செத்துப்போச்சினம்."

பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, அவருடைய விடயமும் வேறு. ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிச்செல்வதாகச் சொன்னேன். எந்த வாசலுக்குப் போனாலும் கையில் கடதாசி வேண்டுமே என்று பையை அவிழ்க்கச் சொன்னேன்.

அன்று பின்னேரமே சந்திக் கடைக்குப் போய் எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்தோம். ஒரு பற்றுச்சீட்டில் மை மங்கிவிட்டது. அதன் திகதியை அம்மா ஞாபகத்திலிருந்து சொல்ல, நான் பிரதியின் பின்பக்கத்தில் எழுதினேன்.