புகைமலை தந்த பாடகி

அமெரிக்காவின் டெனசி மாநிலத்தின் கிழக்கெல்லையிலே புகைமலைத் தொடர் நீண்டு கிடக்கின்றது. வைகறையில் அதன் மடிப்புகளிலிருந்து நீல மூடுபனி எழுவதைக் காணும் நமக்கு, அப்பெயரின் பொருத்தம் விளங்குகின்றது. மலையடிவாரத்தில் உள்ளது செவியர்வில் என்னும் சிற்றூர். அதன் நீதிமன்ற முன்றிலிலே, வெறுங்காலுடன் பாறைமீதமர்ந்து கிற்றார் ஏந்தியிருக்கும் பெண்ணொருத்தியின் வெண்கலச் சிலையைக் காண்கின்றோம். தன் மகள் டொலி பார்ட்டனுக்கு இவ்வூர் 1987ஆம் ஆண்டில் எடுத்த சிலை அது.

1946 ஜனவரி 19ஆந் திகதி, அயலிலுள்ள மலைப்புறத்துக் குடிலொன்றிலே, பன்னிரு பிள்ளைகளுள் நான்காமவராகப் பிறந்தார் டொலி. பிரசவம் பார்த்த வைத்தியருக்குக் கொடுக்கப் பணமின்றி, தந்தை ஒரு சாக்குச் சோளமாவையே கொடுத்தனுப்பினாராம். அவர் கடும் உழைப்பாளி. ஆயினும் எழுதப் படிக்க அறியாதவர். தாயோ பழைய மலைநாட்டுப் பாட்டுகளைப் பாடிப் பிள்ளைகளை வளர்த்தார். கந்தல் துண்டுகளை இணைத்து அவர் மகளுக்குத் தைத்துக் கொடுத்த மேலங்கியைப் பாடசாலைப் பிள்ளைகள் எள்ளி நகைத்தனர். அந்த வேதனையே 1971இல் வெளிவந்த ‘பலவண்ண மேலங்கி’ என்னும் பாடலாக மலர்ந்தது.

இங்கிருந்து மேற்கே ஏறக்குறைய 200 மைல் சென்றால், ‘கன்ட்ரி’ இசையின் தலைநகரான நாஷ்வில்லை அடைகின்றோம். அங்குள்ள ரைமன் மண்டபம் 1892இல் சமயக் கூட்டங்களுக்கென எழுப்பப்பட்டது. தேவாலயத்து வாங்குகள் இன்றும் வரிசையாக உள்ளன. புகழ்பெற்ற வானொலி இசைநிகழ்ச்சி ஒன்று 1943 முதல் 1974 வரை இம்மண்டபத்திலேயே நடைபெற்றது. அதிலே டொலி பாடியபோது வயது பதின்மூன்று. 1964இல் உயர்பாடசாலைப் படிப்பை முடித்த மறுநாளே அவர் இந்நகருக்குப் புறப்பட்டார். 1967இல் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம்பெற்று, நாடறிந்த பாடகியானார்.

வாகனரைப் பிரிய முடிவுசெய்தபோது, 1973இல் விடைபெறும் பாடலொன்றை எழுதினார். அதனைப் பாட எல்விஸ் பிரஸ்லி விரும்பினார். ஆனால் பாட்டின் உரிமையிற் பாதியைத் தரவேண்டுமென அவருடைய முகாமையாளர் கேட்டார். டொலி மறுத்தார், இரவெல்லாம் அழுதார். எனினும் உரிமையை விடவில்லை. 1992இல் விற்னி ஹூஸ்டன் அதே பாடலைப் பாடியபோது, அது உலகெங்கும் ஒலித்தது. எழுதியவருக்குப் பெருஞ்செல்வமும் சேர்ந்தது.

அதற்கு முன்பே அவர் மலையடிவாரத்தை நாடியிருந்தார். 1986இல் பிஜன் ஃபோர்ஜ் என்னும் அயலூரில், ‘டொலிவுட்’ என்னும் கேளிக்கைப் பூங்காவை அமைத்தார். தாம் வளர்ந்த குடிலின் மாதிரியும் அங்குண்டு. அதன் சிறிய அறைகளை எட்டிப் பார்க்கும்போது, இத்தனை பிள்ளைகள் எங்கே படுத்துறங்கினரோ என்று வியக்கின்றோம்.

1995இல் அவர் தம் சொந்த மாவட்டத்திலே, பிறந்தது முதல் ஐந்து வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் ஒரு புத்தகத்தை இலவசமாக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். தந்தையின் எழுத்தறியாமையே அதற்குத் தூண்டுகோல். பின்னர் அது பிற நாடுகளுக்கும் பரவி, 20 கோடிக்கும் மேற்பட்ட புத்தகங்களை வழங்கியுள்ளது. பிள்ளைகள் மகளைப் ‘புத்தக அம்மா’ என்றழைப்பது கேட்டுத் தந்தை பூரித்தாராம்.

2000ஆம் ஆண்டில் அத்தந்தை காலமானார். அவர் உயிரோடிருந்த காலத்தில், இரவு வேளைகளில் வாளி நீரும் சவர்க்காரமும் எடுத்து வந்து, மகளின் சிலைமீது புறாக்கள் இட்ட எச்சத்தைத் தேய்த்துக் கழுவுவாராம். சிலையின் கீழ்ப் பொறித்திருக்கும் எழுத்துகளை அவரால் வாசிக்க முடியாது. ஆனால் அது யாருடைய சிலை என்பதை யாரும் அவருக்கு வாசித்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.