வாலில் ஐந்து எழுத்து

ஏப்ரல் 3, 2024

பைனாகுலரோடு மொட்டை மாடி ஏறுகிறவன் பறவை பார்க்கிறவன்தான் என்று பள்ளிக்கரணையில் தெருவே முடிவு கட்டிவிடும். "பூநாரை வந்திருக்கா சார்?" என்றார் எதிர்வீட்டு அம்மா. வந்தது ஹெலிகாப்டர். மேடவாக்கம் பக்கமாகத் தாழப் போனது. வெள்ளை உடல், சக்கரம் இல்லை, சறுக்குக் கம்பி. வாலில் வி.டி. தெரிந்தது, மீதி மூன்று எழுத்தையும் வெயில் தின்றுவிட்டது. 19ஆம் தேதி மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. அதுவரை தலைவர்கள் ஹெலிகாப்டரில் வந்து போவார்கள், மாடியை விட்டு இறங்கக் கூடாது.

ஏப்ரல் 5

"அந்த எழுத்தை எழுதி வெச்சு என்னப்பா பண்ணப்போற?" என்று மகள் கேட்டாள். இரவில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

இந்தியாவில் பதிவான எந்தச் சிவில் விமானத்தின் எழுத்தும் வி.டி. என்று தொடங்கும். வைஸ்ராயின் நிலம் என்பதன் சுருக்கம் என்று ஒரு கதை உண்டு. கதைதான். 1927 வாஷிங்டன் வானொலி மாநாட்டில் நாடுகளுக்கு அழைப்பெழுத்து பிரித்தபோது இந்தியாவுக்கு வந்த பங்கு அது, ஆஸ்திரேலியாவின் வி.எச். அதே வரிசையில் வந்ததுதான். அடுத்த மூன்று எழுத்துதான் அந்த இயந்திரத்தின் அடையாளம். சர்வதேச விதிப்படி உடற்பகுதியில் எழுத்தின் உயரம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளிக்கூட அடி ஸ்கேல் அளவு. அதை நம்பித்தான் இந்தப் பொழுதுபோக்கே நடக்கிறது.

எழுத்தைக் கேட்டு வாங்கவும் முடியும். ஆந்திர அரசின் பெல் 430க்கு வி.டி.-ஏபிஜி. ஆந்திரப் பிரதேச கவர்ன்மென்ட் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2009 செப்டம்பர் 2 அன்று நல்லமலைக் காட்டில் முதல்வர் ராஜசேகர ரெட்டியோடு விழுந்தது அதுதான். 2011 ஏப்ரல் 30 அன்று அருணாசல முதல்வர் டோர்ஜி காண்டுவோடு விழுந்த பவன் ஹன்ஸ் இயந்திரம் வி.டி.-பிஎச்டி. 2018 ஜனவரி 13 அன்று ஓ.என்.ஜி.சி. அதிகாரிகளோடு மும்பைக் கடலில் விழுந்த டாஃபின், வி.டி.-பிடபிள்யூஏ. 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத்தில் நொறுங்கிய பெல் 407, வி.டி.-ஆர்பிஎன். இறந்த ஏழு பேரில் மூவர் சென்னைக்காரர்கள்.

செய்தியில் 'ஹெலிகாப்டர் விபத்து' என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். எழுத்து கையில் இருந்தால்தான் அது எந்த இயந்திரம், வயது என்ன, அதற்கு முன் யாரிடம் பறந்தது என்று பின்னோக்கிப் போக முடியும். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவேடு யாரும் பார்க்கக் கூடியது. ஆனால் இன்றைய உரிமையாளரைச் சொல்வதுதான் அதன் வேலை. இயந்திரம் வெளிநாட்டுக்கு விலைபோனால் வி.டி. எழுத்து ரத்தாகும், அங்கே வேறு எழுத்து ஏறும். மாறாதது தொழிற்சாலை தந்த வரிசை எண் ஒன்றுதான். அதனால் என் நோட்டில் முதல் கட்டம் வரிசை எண்ணுக்கு, எழுத்து இரண்டாவது. இதை மகளிடம் சொன்னால் கொட்டாவி விடுவாள்.

ஏப்ரல் 9

கைப்பேசிச் செயலி இருக்கும்போது பைனாகுலர் எதற்கு என்கிறான் தம்பி மகன். விமானம் 1090 மெகாஹெர்ட்ஸில் தன் குறியீட்டைச் சொல்லிக்கொண்டே போகும். இந்திய விமானங்களின் குறியீடுகள் 80 முதல் 83க்குள் தொடங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஹெலிகாப்டர் கட்டடங்களை ஒட்டித் தாழப் பறந்தால் சிக்னல் ஆன்டெனாவை எட்டுவதில்லை. இன்று போன ஒன்று செயலியில் வரவே இல்லை. மாடியில் நின்ற எனக்குக் கிடைத்தது.

ஏப்ரல் 12

காலையிலிருந்து தாம்பரம் பக்கம் சேத்தக் ஹெலிகாப்டர் சத்தம். விமானப்படைப் பயிற்றுநர் பள்ளி அங்கே. அந்த எண்களை நான் எழுதுவதில்லை, படமும் எடுப்பதில்லை. போன டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் விமானப்படை ஹெலிகாப்டர்கள் சாப்பாடு போட்டபோதும் எழுதவில்லை. காரணம் உண்டு. 2001இல் கிரீஸின் கலமாட்டா விமானப்படைத் தளத்தருகே விமான எண்களைக் குறிப்பெடுத்த 14 பிரிட்டிஷ், டச்சு ஆர்வலர்கள் கைதாகி, மறு ஏப்ரலில் தண்டனையும் பெற்றார்கள். நவம்பரில்தான் மேல்முறையீட்டில் விடுதலை. 2010இல் டெல்லியிலும் இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் மாட்டினார்கள். உளவாளி யார், பொழுதுபோகாதவன் யார் என்று காவல்காரருக்கு எப்படித் தெரியும்? அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஏப்ரல் 16

நேற்று நீலகிரியில் இறங்கிய ராகுல் காந்தியின் ஹெலிகாப்டரைத் தேர்தல் பறக்கும் படை சோதித்தது. பேப்பரில் படத்தைப் பார்த்ததும் வாலைத் தேடினேன். வெட்டிவிட்டார்கள். ஆளைத்தான் விட்டுவைப்பார்கள்.

ஏப்ரல் 20

இங்கே வாக்குப்பதிவு முடிந்தது. வானம் காலி. 3ஆம் தேதி பார்த்தது இன்னும் வி.டி. என்ற அளவிலேயே நிற்கிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் தலைவர் வந்து இறங்கிய பழைய கூட்டத்துப் படம் எதிலாவது பின்னால் ஹெலிகாப்டர் நின்றால், வாலில் உள்ள ஐந்து எழுத்தையும் படத்தின் பின்புறத்தில் தேதி, ஊர் பெயரோடு எழுதிவையுங்கள். படத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.