பாதிக்குப் பாதி

மலேசியாவின் பெக்கான் நானாஸ் என்றால் அன்னாசிப் பட்டணம். அமுக்கினால் உள்வாங்கும் சதுப்பு மண் அன்னாசிக்குத் தோது, சாலைக்கு ஆகாது. தார் போட்ட சில ஆண்டுகளில் மேடும் பள்ளமுமாகிவிடும். அங்கே ஒரு வளைவில் என் கட்சிக்காரரின் மோட்டார் சைக்கிளும் எதிரே வந்த லோரியும் மோதின. அவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர். கால் முறிந்து தடியூன்றி நடந்தார்.

நேரில் பார்த்த சாட்சி இல்லை. போலீஸ் வரைபடத்தில் கண்ணாடித் தூள் நடுக்கோட்டின் மேல். பிரேக் தடத்துக்கு நீளம் இருந்தது. எந்தப் பக்கம் தொடங்கியது என்ற அளவு இல்லை.

விசாரணை நாள் காலை, செஷன்ஸ் நீதிமன்ற நடைவழியில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்: “பாதிக்குப் பாதி?” 1956 சிவில் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, நம் தவற்றின் பங்குக்கேற்ப இழப்பீடு குறையும். வழக்கை நடத்தினால் எண்பதும் வரலாம், இருபதும் வரலாம்.

“டிராவா? எடுத்துக்குவோம் தம்பி” என்றார் ஐயா. ஒப்புதல் தீர்ப்பு பதிவானது. மோசடி, தவறான தகவல், பிழை போன்ற காரணம் இருந்தாலன்றி அதை அசைக்க முடியாது.

மறுவாரம் அலுவலகம் வந்து வரைபடத்தைக் கேட்டார். “முடிஞ்சுபோச்சே ஐயா” என்றேன்.

“ஆட்டம் முடிஞ்ச பிறகுதான் தம்பி பயமில்லாம காய் நகர்த்திப் பார்க்கலாம்.”

2018இல் லண்டனில் நடந்த உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டியைச் சொன்னார். பன்னிரண்டாவது ஆட்டத்தில் கார்ல்சனின் நிலை மேலோங்கி இருந்தது. நேரமும் கையில் இருந்தது. 31ஆம் நகர்த்தலில் அவரே டிரா கேட்டார், கருவானா ஒப்புக்கொண்டார். காஸ்பரோவ் உட்படப் பலர் குறை சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து விரைவு ஆட்டங்களில் கார்ல்சன் 3–0 என வென்றார். “அடுத்தது என்னன்னு அவருக்குத் தெரியும். எனக்கு அடுத்தது அப்பீல், ரெண்டு மூணு வருஷம். அதான் ஒத்துக்கிட்டேன். ஆனா நிலை எப்படி இருந்துச்சுன்னு பார்க்க வேணாமா?”

விசாரணை அதிகாரியைக் கூண்டில் ஏற்றி, தடம் எங்கே தொடங்கியது என்று கேட்டிருந்தால்? ஒரு பதிலில் ஜெயிக்கிறோம், மறு பதிலில் மூழ்குகிறோம். கடைசியில் இருவரும் அந்த வளைவுக்கே போனோம். நான் அங்கே கால்வைத்தது அன்றுதான் முதல் தடவை.

சாலை ஐயா வந்த பக்கம் சாய்ந்திருந்தது. அப்படியானால் கண்ணாடித் தூள் மேலே, லோரியின் பாதையிலிருந்து சரிந்து வந்திருக்கலாம். அது நமக்கு எதிரான சான்று. ஐயா சிரித்தார். “நல்ல வேளை, அவங்க வக்கீலும் இங்க வரல.” பிறகு தடியால் தாரைத் தட்டினார். “ஆனா இது புதுத் தார் தம்பி. அன்னைக்குச் சாய்வு எந்தப் பக்கமோ.”

டிரா சரியா தவறா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. பழைய தார் இருந்தபோதே நான் அங்கே போயிருக்க வேண்டும். இப்போதெல்லாம் விபத்து வழக்கு வந்தால் அந்த வாரமே சாலையைப் பார்க்கப் போகிறேன். காரில் ஒரு ரசமட்டம் கிடக்கிறது.