மனுசியின்ர குளிசை

எங்கட ரெஸ்ரோறன்ற் குசினியில என்னோட வேலை செய்யிற அண்ணை ஒருத்தர், போன மாதம் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவர், திடீரெண்டு வெங்காயச் சாக்கில குந்திவிட்டார். "நெஞ்சு படபடக்குது தம்பி" எண்டார். கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம்.

பிறகுதான் கதை வெளியில வந்தது. ஆளுக்குக் கொலஸ்ரோல் கூட. டொக்டர் குடுத்த ஸ்ரற்றின் குளிசை, தசை நோகுது எண்டு விட்டிட்டார். மனுசிக்குத் தைரொயிட் குறைவு. அவ தைரொக்சின் போடத் தொடங்கினாப் பிறகு அவவின்ர கொலஸ்ரோலும் இறங்கியிட்டுது. அப்ப எனக்கும் இறங்கும்தானே எண்டு, மூண்டு கிழமையா களவா எடுத்துப் போட்டிருக்கிறார்!

சிரிக்கவும் ஏலாமல் கிடந்தது. ஏனெண்டால் அண்ணையின்ர யோசனை முழுப்பிழை இல்லை. கம்பஸில ரெண்டு வருசம் உயிரியல் படிச்சதோட ஓடிவந்தவன் நான், அந்தப் பழக்கத்தில இதைத் தேடி வாசிச்சன். தைரொயிட் ஹோர்மோன் ஈரலைத் தூண்டி, இரத்தத்தில இருக்கிற கெட்ட கொலஸ்ரோலை இழுத்தெடுக்க வைக்கும். அமெரிக்காவில, மாரடைப்பு வந்து தப்பின ஆம்பிளையளுக்கு டெக்ஸ்ரோதைரொக்சின் குடுத்துப் பாத்தவை. கொலஸ்ரோல் இறங்கினது. ஆனால் அதைப் போட்டவைக்குள்ள சாவு கூடிப்போச்சு. அதால இடையிலயே நிப்பாட்டினம் எண்டு 1972 இல அறிக்கை விட்டவை.

ஈரலில இந்த ஹோர்மோன் கூடுதலா பீற்றா ஏற்பியிலதான் வேலை செய்யும், இருதயத்தில அல்ஃபாவில. அப்ப பீற்றாவை மட்டும் தட்டுற மருந்து செய்வம் எண்டு வெளிக்கிட்டினம். சுவீடனில காரோ பயோ கொம்பனி செய்த எப்ரோரிறோம், ஸ்ரற்றின் போடுறவைக்கும் கொலஸ்ரோலை இன்னும் இறக்கினது எண்டு 2010 இல வந்தது. நாயளில நீண்டநாள் குடுத்துப் பாக்க, குருத்தெலும்பு பழுதாகியிருக்கு. 2012 இல அதுவும் சரி.

2024 மார்ச்சில அமெரிக்கா அனுமதிச்ச ரெஸ்மெரிறோமும் இந்த வகைதான். கெட்ட கொலஸ்ரோலையும் கொஞ்சம் இறக்கும். ஆனால் அனுமதி, கொழுப்புப் படிஞ்சு தழும்பு விழுந்த ஈரலுக்கு மட்டும். மாரடைப்பைத் தடுக்கும் எண்டு அதுவும் இன்னும் காட்டேல்லை.

இதையெல்லாம் அண்ணைக்குச் சொல்ல, "அப்ப நான் ஐம்பது வருசம் பிந்திப் பரிசோதனை செய்திருக்கிறன்" எண்டார்.

குளிசையை விட்டும் படபடப்பு அடங்க ரெண்டு கிழமை போச்சு. தைரொக்சின் உடம்பில பாதியாகவே ஒரு கிழமைக்குக் கிட்ட எடுக்கும். டொக்டர் நல்லாப் பேசிப்போட்டு, வேற ஸ்ரற்றின் குறைஞ்ச அளவில எழுதிக் குடுத்திருக்கிறார். மனுசி இப்ப தன்ர குளிசையை எண்ணித்தான் வைக்கிறாவாம்.