அரங்கன் பள்ளிகொண்ட தீவில் கண்ணாடி விரியனும் குடியிருக்கிறது!

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் 1-ம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஒரு தீவுக்குள் வந்துவிடலாம். தினமும் போய் வருபவர்களுக்கே அது தீவு என்ற நினைப்பு இருக்காது. மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நடுவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும், சுற்றிலும் வாழைத் தோட்டங்களும் வயல்களும்.

கோயிலுக்குள் பாம்புக்கு ராஜமரியாதை. ஆதிசேஷன் மேல் தெற்கு நோக்கிப் படுத்திருக்கிறார் ரங்கநாதர். ராமானுஜர் அந்த ஆதிசேஷனின் அவதாரம் என்பது வைணவர்களின் நம்பிக்கை. பாம்புக்குப் பகையான கருடனும் அதே கோயிலில் பிரமாண்டமாக உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஏழு பிராகாரமும் தாண்டி கொள்ளிடக் கரைப் பக்கம் போய்விட்டால், பாம்பைக் கண்டதும் கை தேடுவது கம்பைத்தான்.

அந்தப் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது. 2000 முதல் 2019 வரையிலான கணக்குப்படி, இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள்.

இத்தனை உயிர்களுக்கும் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுபவை நான்கே வகைகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சுருட்டை, வறண்ட கரட்டு நிலத்தை விரும்புவது. வாழைத் தோட்டத்தில் கவனிக்க வேண்டியது கண்ணாடி விரியனை. காய்ந்த வாழைச் சருகுக்குள் இது படுத்திருந்தால், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்ததுபோல வட்ட வட்டமாகப் புள்ளிகள். இதை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்தவர்கள் உண்டு. நல்லவேளையாக, சீண்டினால் பிரஷர் குக்கர் மாதிரி சீறும். கட்டுவிரியன் சத்தமே போடாது. ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலியும் பெரிதாக இருக்காது. காலையில் கண் இமை தூக்க முடியாமல் போகும்போதுதான் விஷயமே தெரியும்.

மீதிப் பாம்புகளில் பல, சாரையும் தண்ணீர்ப் பாம்பும்போல, ஆளைக் கொல்லும் விஷம் இல்லாதவை. சாரை எலி பிடித்துத் தின்பது. நெல் விளையும் ஊரில் அதையும் சேர்த்து அடிப்பது, சம்பளம் வாங்காத காவல்காரனைத் துரத்துவது மாதிரிதான்.

2018 ஆகஸ்ட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முக்கொம்பு கொள்ளிடம் அணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்ட மாதம் அது. பழைய கொள்ளிடம் இரும்புப் பாலமும் அப்போதுதான் இடிந்தது. ஆறு இருகரை தொட்டு ஓடும்போது, நாணல் புதரிலும் கரைப் பொந்திலும் இருக்கும் பாம்புக்கு மேடு ஏறுவதைத் தவிர வழி கிடையாது. முன்பு அந்த மேட்டில் தோப்பு இருந்தது. இப்போது பல இடங்களில் மனை போட்டுவிட்டார்கள். அதனால் பாம்பு ஏறிவந்து நிற்கும் இடம் யாரோ ஒருவர் வீட்டு வாசற்படி.

மணல் அள்ளுவது இன்னொரு பிரச்னை. ஆமையும் முதலையும் முட்டை இடுவது மணல் திட்டில்தான். கொள்ளிடத்தில் முதலையா என்று கேட்பவர்கள், கீழே அணைக்கரைப் பக்கத்து மீனவர்களிடம் விசாரிக்கலாம்.

ஆறுதலான இடமும் ஒன்று உண்டு. 2015-ல் திறக்கப்பட்ட மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. வார இறுதியில் செல்ஃபி கூட்டம் கொஞ்சம் அதிகம். ஆனாலும் மரமும் ஈரமும் இருக்கிற இடம். பட்டாம்பூச்சிக்காக வளர்த்த செடி ஓணானுக்கும் தவளைக்கும் உதவும். அவை இருந்தால் பாம்புக்கும் சாப்பாடு உண்டு.

ஊரின் தெற்கே, விமான நிலையத்தில் கதை வேறு. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியைச் சுங்கத்துறையினர் திறந்தபோது உள்ளே 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் உயிரோடு இருந்தன. அடுத்த மாதமே 6,850 ஆமைக் குஞ்சுகள் பிடிபட்டன. சிவப்புக் காது ஆமை வகை. தொட்டியில் வளர்க்க வாங்குவார்கள். பெரிதானதும் ஆற்றில் விடுவார்கள். அப்புறம் உள்ளூர் ஆமையின் இரையும் இடமும் அதற்குப் போய்விடும்.

கடிபட்டவர்கள் வந்து சேருவது திருச்சி அரசு மருத்துவமனைக்கு. விரியன் கடி என்று சந்தேகம் வந்தால் செய்யும் பரிசோதனை ரொம்ப எளிது: கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு, சென்னை அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

18-ம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் பாம்புக்கடிக்குப் பேர்போன மருந்து, தஞ்சாவூர் மாத்திரை. அதில் பாஷாணம் கலந்திருந்தது! அதைச் சோதித்துப் பார்த்த பேட்ரிக் ரஸ்ஸலின் பெயர்தான் கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருக்கிறது.

பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. அரசு, தனியார் என எந்த மருத்துவமனைக்கு வந்தாலும் இனி கணக்கில் ஏறியாக வேண்டும்.

யாரையாவது கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்கு அவசியமில்லை, தள்ளி நின்று எடுத்த போட்டோ கையில் இருந்தால் காட்டலாம், இல்லாவிட்டாலும் அறிகுறியை வைத்தே டாக்டர் சிகிச்சையைத் தொடங்குவார்.